கொட்டாவி

பதினோரு வருடம் படகில் பை கொடுத்தவள் நான்.
காஸ்த்ரோவிலிருந்து வெளித்தீவுகளுக்கு
ஐந்து மணி நேரம், காற்று கெட்டால் ஏழு.
டிக்கெட் கிழிப்பேன், கயிறு எறிவேன்,
பழுப்புக் காகிதப் பையை
யாருக்கு, எப்போது என்று பார்த்து நீட்டுவேன்.

பார்த்ததும் தெரியும்.
மேலுதட்டில் பொடி வியர்வை.
பாதிப் பேச்சில் நின்றுபோவார்கள்,
சும்மா சும்மா எச்சில் விழுங்குவார்கள்.
அதற்கெல்லாம் முன்னால்
நன்றாகத் தூங்கி எழுந்தவனுக்கும் ஒரு கொட்டாவி வரும்.
கொட்டாவிக்கே பை நீட்டினால்
தரை தப்பிக்கும்.

எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.
வளைகுடா தலைகீழாகப் புரண்ட அன்றும்
நின்றபடி உருளைக்கிழங்கு ரொட்டி தின்றவள்.

யாஸ்னா பிறந்த அன்றுதான்
வயிறு என்னைக் கைவிட்டது.
அறுத்து எடுத்தார்கள். வலிக்கவில்லை, பொய் சொல்லக் கூடாது.
முதுகில் போட்ட மார்ஃபின்
வலியைக் கட்டிப்போட்டது,
குமட்டலை அவிழ்த்துவிட்டது.
ராத்திரி முழுக்க ஓங்கரித்தேன்.
ஒவ்வொரு ஓங்கரிப்புக்கும் ஒரு தையல் விழித்துக்கொண்டது.
"சகஜம்தான்" என்று வாளியை மாற்றிப் போனார்கள்.
எத்தனை பயணிகளிடம்
நானே சொல்லியிருக்கிறேன் அந்தச் சொல்லை.

என் மேல் வைக்கப் பயந்து
நிபால்தோ பிள்ளையோடு ஜன்னலோரம் நின்றான்.
அவள் தலையின் முதல் வாசம் எனக்குத் தெரியாது.
அன்றைக்கு உலகம் முழுக்கப் பித்தநீர் வாசம்.

ஆறு வருடம் கழித்து
மறுபடி அதே ஆஸ்பத்திரி, அதே மழை.
மயக்க மருத்துவர் ஒயார்சூன்
முந்தின சாயங்காலமே வந்தார்.
"கடல் ஒத்துக்கொள்ளுமா?"
எல்லோரிடமும் கேட்பாராம். சிரித்தேன்.
பிறகு சொன்னேன்: மார்ஃபின் வேண்டாம் டாக்டர்.
வலித்தால் வலிக்கட்டும்.
வலியோடு பிள்ளையைப் பிடித்துக்கொள்ளலாம்,
வாந்தியோடு முடியாது.

அவர் சகஜம் என்று சொல்லவில்லை.
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.
எப்போது தொடங்கியது, மேஜையிலா, வார்டிலா?
இரண்டு இடத்திலும், என்றேன்.
இரண்டும் வேறு வேறு, என்றார்.
மேஜையில் வருவது பெரும்பாலும் ரத்த அழுத்தம் சரிவதால்;
வார்டில், மருந்தால்.
"மருந்தை விட வேண்டாம், குறைப்போம்.
குமட்டல் கிளம்பும் முன்பே இரண்டு ஊசி,
வேறு வேறு வாசலை அடைப்பவை.
சத்தியம் மட்டும் செய்ய மாட்டேன்."
அது பிடித்திருந்தது.
எங்கள் கேப்டனும் வானத்துக்காகச் சத்தியம் செய்ததில்லை.

என் பங்குக்கு நான் கொட்டாவியைப் பற்றிச் சொன்னேன்.
பேனாவை மூடினார்.
"நானும் தலைமாட்டில் நின்று
அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்" என்றார்.
ஒரே கூலிக்காரர்கள்போலச் சிரித்தோம்.

காலையில் ஊசி.
கால்கள் கயிறறுத்த படகாய் விலகிப் போயின.
நீலத்துணிக்கு அந்தப்பக்கம் கரண்டிச் சத்தம்.
வந்தது. தாடை தானாகத் திறந்தது.
"டாக்டர்" என்றேன்;
அவர் கட்டைவிரல் அதற்குள் சிரிஞ்சை அழுத்திக்கொண்டிருந்தது.
கொட்டாவி பாதியில் மூடிக்கொண்டது.
அலை எழும்பவில்லை.
பையன் அழுதான், கரகரவென்று,
பழைய இன்ஜின் மாதிரி.

இரவெல்லாம் மூக்கு அரித்தது;
அதுவும் மார்ஃபின் வேலைதானாம். சொறிந்துகொண்டேன்.
மூன்று மணிக்கு ஒன்று தொண்டைவரை ஏறி
எட்டிப் பார்த்தது. மணியடித்தேன்.
நர்ஸ் இன்னொரு ஊசி போட்டாள், இறங்கிப் போனது.
நெஞ்சில் கிடந்தவனை
ஒரு நிமிடம்கூட யாரிடமும் கொடுக்கவில்லை.

அவன் தலை என்ன வாசம்?
கடற்பாசி இல்லை. பால் இல்லை.
இன்னும் சொல் கிடைக்கவில்லை.

மத்தியானம் யாஸ்னா வந்தாள்.
நான் முகர்வதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.
"என்னையும் இப்படித்தானா?"

குனியச் சொன்னேன்.
நனைந்த கம்பளித் தொப்பி, விறகுப் புகை,
பென்சில் சீவல்,
ஆறு வயது.
வெகுநேரம் விடவில்லை.
"போதும்மா" என்று நெளிந்தவள்
வாய் பிளந்து ஒரு கொட்டாவி விட்டாள்.

என் கை
தலையணைக்கடியில் பை தேடியது.